குப்புறக் கிடந்த மதியம்

திரும்பக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். சாயங்காலம் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற வரைக்கும் குப்புறக் கிடக்க வேண்டும். விரலைக் கவ்விக்கொண்டிருக்கிற கிளிப்பில் ஆக்சிஜன் நம்பர் இறங்காமல் இருக்க வேண்டும். இருந்தால் இதே வார்டு, இதே கட்டில். இறங்கினால் ஐசியு, தொண்டைக்குள் குழாய். காலையில் வந்த சின்ன டாக்டர் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நல்ல பையன். சுற்றி வளைக்கவில்லை. சங்கரநயினாருக்குச் சுற்றி வளைக்கிறவர்களைக் கண்டால் ஆகாது. ஆனால் சொல்கிறவனுக்கு என்ன, கிடக்கிறவனுக்கல்லவா தெரியும். நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழே ஒன்று, ஒரு கை மேலே, ஒரு கை கீழே, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்ட கோலம். ஆக்சிஜன் மாஸ்க்கின் ரப்பர் காதை அறுக்கிறது. மூக்கு நுனியில் அரிப்பு. அரிப்பைச் சொறிய மாஸ்க்கைத் தூக்கினால் நம்பர் இறங்கும். நம்பர் இறங்கினால் குழாய். ஒரு புரட்டு, ஒரே ஒரு புரட்டு, மல்லாந்து சீலிங் ஃபேனைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் கிடந்தால் போதும். கூடாது. அரிப்பை நினைக்காதே. வேறே எதையாவது நினை. வேறே எதை நினைப்பது, தரையைத்தான். தலையணை விளிம்புக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் தெரிகிறது அவ்வளவுதான், ஆட்களின் இடுப்புக்குக் கீழே. எல்லாக் கால்களிலும் ஒரே நீலப் பிளாஸ்டிக் உறை, கோணிப்பைக்குள் திணித்த மாதிரி. ஆனாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். டவுன் பஸ் டிரைவருக்குக் கால் தெரியாதா. கண்ணாடியில் முதலில் ஏறுகிறது கால்தான், முகம் அப்புறம். சரசரவென்று இழுத்துக்கொண்டு போகிறது ஹெட் சிஸ்டர், குப்புறக் கிடக்கிறவன் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று காலையில் சத்தம் போட்டவள். தொம் தொம்மென்று வைக்கிறது தண்ணீர் கொண்டு வருகிற பையன். குதிகாலே ஊன்றாமல், தரை சுடுகிற மாதிரி வருகிறது இந்த நர்ஸ் பிள்ளை. வந்துவிட்டது. "தாத்தா எப்படி இருக்கீங்க, மூச்சு வாங்குதா, சரி, தண்ணி வேணுமா, சரி, தலைய அந்தப் பக்கம் திருப்புதேன், வலிச்சா சொல்லணும், சரி." கேட்கிறாள், சரி போடுகிறாள், அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாள். நடுவில் மனுஷன் வாயைத் திறக்க ஒரு இண்டு இடுக்கு இல்லை. என்ன பிள்ளை இது. பதில் வேண்டாமென்றால் எதற்குக் கேள்வி.

தலை சுவர்ப்பக்கம் போய்விட்டது. பச்சை டிஸ்டெம்பர், அதில் ஒரு விரிசல். இந்தப் பக்கம் பார்த்தால் சுவர், அந்தப் பக்கம் பார்த்தால் கால். மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பின்னால் பக்கத்துக் கட்டில்காரர் பீர்முகம்மதுவின் குரல், மேலப்பாளையத்துக்காரர், கல்யாண வீடுகளுக்குப் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவர், மூச்சு முட்டினாலும் பேச்சு முட்டாது. "ஏம்மா, அண்ணாச்சிக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் குடு. அவரு டிரைவரு. கண்டக்டர் விசில் அடிச்சாத்தான் வாயத் தொறப்பாரு." அதற்கு இன்னொரு நர்ஸ் பிள்ளை லில்லி, தூரத்துக் கட்டில் பக்கமிருந்து: "ஏட்டி இசக்கி, அது பொன்னுச்சாமி இல்லட்டி. பேசும்." இரண்டும் சிரிக்கின்றன. தலைமுதல் கால்வரை மூடின அந்தக் கொரோனா உடுப்புக்குள்ளிருந்து வருகிற சிரிப்பு பானைக்குள் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. யார் பொன்னுச்சாமி? இவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அவள்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாளே. காலேஜில் இருக்கிற பொம்மையாம். ஆள் உயரத்துக்கு ரப்பர் பொம்மை, நர்சிங் படிக்கிற பிள்ளைகள் அதைக் கட்டிலில் போட்டுத்தான் எல்லாம் பழக வேண்டுமாம். தொடுவதற்கு முன்னால் வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, வலிக்கிறதா என்று கேட்க வேண்டுமாம், கேட்காவிட்டால் பரீட்சையில் மார்க் கிடையாது. பொம்மை பதில் சொல்லாது, ஆகையால் சரி என்று இவர்களே சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்களாம். "அந்தப் பழக்கந்தான் தாத்தா. மூணு வருசமா அவருகூடத்தான பேசினோம். அவரும் ஒங்கள மாதிரிதான், சத்தமே கிடையாது." மூன்றாம் வருஷம். காலேஜைப் பூட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிறகு ஆள் போதவில்லை என்று ஃபோன் போட்டுக் கூப்பிட்டு நேரே வார்டில் விட்டார்கள். ஆலங்குளத்துப் பக்கமாம். அப்பா வாசல் வரைக்கும் வந்து வண்டிச் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றாராம், இவள் நடந்தே பஸ் ரோட்டுக்கு வந்து, பஸ் ஓடாது என்பதே அப்புறம்தான் ஞாபகம் வந்ததாம். இவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல். இருமினால் நம்பர். அடக்கிக்கொண்டார். விரிசல் சுவரில் மேலேறி ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிகிறது, முருகன்குறிச்சிப் பக்கம் ரோடு பிரிகிற மாதிரி. அந்தக் காலத்தில் அங்கே இவ்வளவு கடை கிடையாது. வேப்பமரங்கள்தான். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் வண்டி நின்றால் வெள்ளைச் சேலைகள் ஏறும், தலையில் கஞ்சி போட்ட தொப்பியோடு, குனிந்துதான் ஏற வேண்டும், இல்லாவிட்டால் படி மேல்கம்பி தட்டித் தொப்பி போய்விடும். கறுப்பு பூட்ஸ் எல்லாம் ஒரே மாதிரி. ஒன்று மட்டும் நாடா கட்டாமல் ஏறும். கட்ட நேரமில்லையாம். அதுதான் பிரமு.

நாடா கட்டாத பூட்ஸ், என்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட். வேறு சீட் காலியாக இருந்தாலும் அங்கேதான். என்ஜின் சூட்டுக்கு யாரும் உட்கார மாட்டார்கள், அவள் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துவிடுவாள். முதல் மூன்று மாசம் ஒரு வார்த்தை கிடையாது. அப்புறம் ஒருநாள் கடைசி ஸ்டாப்பில், வண்டியை நிறுத்திவிட்டு இவர் டீயை ஆற்றிக்கொண்டிருக்கையில், "டிரைவர், ஒங்க வலது கைய ஒரு பத்து நிமிசம் குடுக்க முடியுமா" என்று கேட்டாள். கண்டக்டர் ஆவுடையப்பன் டீயைச் சிந்திவிட்டான். விஷயம் இவ்வளவுதான்: அவர்கள் நர்சிங் ஸ்கூலில் இருந்தது ஒரே ஒரு பொம்மை, அதற்கும் வலது கை கிடையாது. எந்தக் காலத்திலோ உடைந்து போனது. வலது கைக் கட்டு பழக ஆள் கிடைக்காமல் இருந்தது. நாளைக்குப் பரீட்சை. ஹாஸ்டல் பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி கட்டிப் பார்த்தார்களாம், ஆனால் பரீட்சைக்கு வருகிற அம்மாள் ஆம்பிளைக் கை அளவுக்குக் கேட்பாளாம். இவர் கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் எட்டு எட்டாகப் போட்டுச் சுற்றினாள். "இறுக்கமா இருக்கா, சரி, விரல் மரத்துப் போகுதா, சரி." அவளும் இப்படித்தான்! அட, அவளும் இப்படித்தானே. இத்தனை வருஷம் இது தோன்றவில்லை. ஒற்றைக் கைப் பொம்மையிடம் பேசிப் பழகிய நாக்கு. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஊர் ஊராக மாற்றலாகி, ஹெட் நர்ஸாகி ரிட்டையர் ஆன பிறகும் வீட்டில் அதே கச்சேரிதான். "காப்பி வேணுமா, சரி. மோட்டார் போட்டீங்களா, சரி, நானே போடுதேன்." இவர் வாயைத் திறக்க அவசியமே ஏற்பட்டதில்லை. ஊரில் எல்லோரும் நயினார் ஊமைக்கோட்டான் என்றார்கள். பேச விட்டால்தானே. அன்றைக்குக் கட்டை அவிழ்க்க நேரமில்லாமல் ஆவுடையப்பன் விசில் ஊதிவிட்டான். "ஏ நயினாரு, மருத்துவம் போதும்வே, டைம் ஆச்சு." கட்டோடு வண்டி ஓட்டினார். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் வெள்ளைத் துணி மணத்தது, டெட்டால் மணம், அதற்குள் கொஞ்சம் மல்லிகைப்பூ. ஜங்ஷனில் ஏறின ஒரு கிழவர், கையில் அடிபட்டவனை எப்படி வண்டி ஓட்டவிடலாம் என்று சண்டைக்கு வந்தார். ராத்திரி வரைக்கும் அவிழ்க்கவில்லை. அவிழ்த்த பிறகு சுருட்டி டிபன் பாக்ஸில் வைத்து மறுநாள் திருப்பிக் கொடுத்தார். பாஸாகிவிட்டாள். அவளுடைய சிரிப்பு எப்படி இருந்தது? பல் தெரியச் சிரித்தாளா? டெட்டால் ஞாபகம் இருக்கிறது, டிபன் பாக்ஸ் ஞாபகம் இருக்கிறது, அந்தச் சிரிப்பு மட்டும் கைக்கு வரமாட்டேன் என்கிறது. மூச்சு. இழு. விடு. இழு. பிரமு இருந்தால் இந்தத் தலையணையை இப்படி வைக்க விட்டிருப்பாளா. ஒரு சத்தத்தில் வார்டே நிமிர்ந்திருக்கும். நல்லவேளை, இந்த எழவெல்லாம் பார்க்காமல் முன்னாலேயே போய்விட்டாள். நல்லவேளையா? என்ன நல்லவேளை. அவள் இருந்தால் இங்கே ஒரு ஆள் பதில் கேட்காமல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும். அதுதான் இங்கேயும் நடக்கிறதே. முதுகு கடுக்கிறது. திரும்பிவிடலாம். ஒரு பத்து எண்ணுகிற நேரம். யாருக்குத் தெரியப்போகிறது.

"அண்ணாச்சி, முதுகு அசையுது. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." பீர்முகம்மது. எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ. "பொரண்டீங்கன்னா டிப்போவுக்கு பெட்டிசன் போட்டிருவேன்." போடும். ரிட்டையர் ஆனவனுக்கு டிப்போ என்ன செய்யும். சொல்ல நினைத்தார், மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டார். இசக்கி வந்து தலையைத் திருப்பிவிட்டாள். சரி, சரி, சரி. இப்போது தரை. பீர்முகம்மதுவின் கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி தோல் செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில், கட்டில் ஓரத்தில் மகள் கொடுத்தனுப்பின பேரீச்சம்பழ டப்பா. அவருடைய கால்கள் கட்டிலிலிருந்து தொங்குகின்றன. உட்கார்ந்திருக்கிறார் போல. வெடித்த குதிகால், பந்தக்கால் நட்டு நட்டு மண்ணிலேயே நின்ற கால். பாய் நல்ல நிலைமையில் இருக்கிற ஆள், இரண்டு நாளில் வீடு என்று சொல்லியிருக்கிறார்கள். "இந்த மூதேவி நோய் போகட்டும், அண்ணாச்சி. நிப்பாட்டி வச்ச கல்யாணம் பூரா ஒண்ணா வரும். சேர் பத்தாது. ஒங்க பேரன் கல்யாணத்துக்குப் பந்தல் எனக்குத்தான், சொல்லிட்டேன்." பேரன் ஆறாம் வகுப்புப் படிக்கிறான். கண் சொருகிக்கொண்டு வந்தது. பஸ் ஓடுகிற மாதிரி ஒரு ஆட்டம், ஆக்சிஜன் வருகிற சத்தம் டீசல் என்ஜின் மாதிரியே இல்லை, ஆனாலும் எதுவோ ஓடுகிறது, ஆற்றுப் பாலம், இடதுபக்கம் தண்ணீர், காலை வெயில், கண்ணாடியில் வெள்ளைத் தொப்பிகள் வரிசையாக ஆடுகின்றன, யாரோ கொய்யாப்பழம் கடிக்கிறார்கள், ஆவுடையப்பன் நர்ஸம்மாக்களுக்குச் சில்லறை இல்லை என்று பொய் சொல்கிறான், அவர்கள் சேர்ந்து அவனைக் கிண்டலடிக்கிறார்கள், அந்த வண்டிதான் எவ்வளவு லேசாக ஓடும், பிரேக்கைத் தொட்டால் நிற்கும், அப்புறம் எத்தனை புது வண்டி வந்தது, ஒன்றும் அந்த மாதிரி இல்லை. எதுவோ விழுந்தது. பேரீச்சம்பழ டப்பா. உருண்டு வந்து இவர் கட்டிலின் சக்கரத்தில் முட்டி நின்றது. தொங்கிக்கொண்டிருந்த கால்களைக் காணோம்.

நீலக் கால்கள் ஓடி வந்தன. சரசர, தொம் தொம், எல்லாம் கலந்து போயின. பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு ஸ்டூல் கவிழ்ந்தது. "பெரிய சிலிண்டர எடு." "டாக்டர கூப்புடு." "இசக்கி, ஏறு, நெஞ்ச அமுக்கு." குதிகால் ஊன்றாத கால்கள் தரையை விட்டுக் கட்டிலில் ஏறின. கட்டில் கிறீச்சிட்டது. கிறீச், கிறீச். அவள் வாய்விட்டு எண்ணினாள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற குரலில், முப்பது வரைக்கும், மறுபடி ஒன்றிலிருந்து. சங்கரநயினார் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். திரும்பினால் தெரியும். திரும்பவில்லை. திரும்பினால் குழாய் என்பதற்காக இல்லை, திரும்பினால் தெரிந்துவிடும் என்பதற்காக. ஏ பாய். எழுந்திரும். பந்தல் போடணும். எண்ணிக்கை தடுமாறி மறுபடி ஒன்றுக்கு வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. டாக்டரின் கால்கள் வந்து நின்றன. "போதும்மா." எண்ணிக்கை ஓடியது. "போதும். விடு." ஓடியது. "விடுங்கறேன்ல." ஹெட் சிஸ்டரின் சரசர கால்கள் கட்டிலை ஒட்டிப் போய் நின்றன. அப்புறம் கிறீச் நின்றது. ஒரு திரையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். திரைக்குக் கீழேயும் கால்கள்தான். ஒரு ஜோடி மட்டும் இறங்கி எங்கே போவதென்று தெரியாமல் ஒரே இடத்தில் நின்றது.

பிரமுவும் நின்றாள். ஸ்டாப்பில். அந்த வருஷம் மழைக்குப் பிறகு ஊரெல்லாம் வாந்திபேதி, ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் ஆள், ஸ்கூல் பிள்ளைகளை வார்டில் இறக்கிவிட்டிருந்தார்கள், இரண்டாம் வருஷப் பிள்ளைகளைக்கூட. ஆஸ்பத்திரி ஸ்டாப் என்றால் வண்டியில் ஜனம் ஜன்னலை மூடும். சாயங்காலம். வண்டி வந்து நின்றும் ஏறவில்லை. ஆவுடையப்பன் இரண்டு விசில் ஊதினான். மூன்றாவதற்கு ஏறினாள். என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புத்தகம் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த ஒருத்தி எழுந்து பின்னால் போனாள். ஹாஸ்டல் ஸ்டாப் வந்தது, இறங்கவில்லை. ஜங்ஷன் வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், இறங்கவில்லை. "எம்மா, கடைசி ஸ்டாப்பு, எறங்கல?" என்றான் ஆவுடையப்பன். "இருக்கட்டும்வே" என்றார் இவர். டீ குடிக்கவில்லை. வண்டியை எடுத்தார். மறுபடி பாலம், மறுபடி வண்ணாரப்பேட்டை, மறுபடி வேப்பமரங்கள். அவள் மடியில் கை இரண்டையும் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ. கேட்கத் தெரியாது. வண்டி ஓட்டத் தெரியும், ஓட்டினார். மெதுவாக. ஆவுடையப்பன் அன்றைக்கு டைம் போச்சு என்று கத்தவில்லை, டிக்கெட்டும் கேட்கவில்லை. அந்தப் பயலுக்கும் அவ்வளவு இருந்திருக்கிறது. இரண்டாவது தடவை ஹாஸ்டல் ஸ்டாப்பில் தானாக எழுந்தாள். படியில் நின்று இவர் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னாள். என்ன அது? சின்ன வார்த்தை. பிழைப்புக்கெல்லாம் ஆதாரமான வார்த்தை, அதற்கப்புறம்தானே எல்லாம், பெண் கேட்டது, சண்டை, கல்யாணம், எல்லாம். ஞாபகம் வரவில்லை. என்ஜின் சத்தத்தில் சரியாகக் கேட்கவே இல்லையோ. கேட்டமாதிரி தலையை ஆட்டிவிட்டேனோ. சவத்தை விடு.

நீலக் கால்கள் பக்கத்தில் வந்து நின்றிருந்தன. கேள்வி எதுவும் வரவில்லை. சரி வரவில்லை. சங்கரநயினாருக்கு அது பிடிக்கவில்லை. கேளேன். தண்ணி வேணுமா என்று கேளேன். "எல்லாம் சரியாத்தான் செஞ்சேன் தாத்தா" என்றாள். "கை மடங்கல. எண்ணிக்கையும் சரி. பொன்னுச்சாமிக்கு நெஞ்சுல ஒரு பச்ச லைட்டு இருக்கும். சரியா அமுக்கினா எரியும். நான் அமுக்கினா எப்பமும் எரியும் தாத்தா. காலேஜுல எனக்குத்தான் ஃபர்ஸ்ட்டு." நிறுத்தினாள். பதிலுக்குக் காத்திருந்தாள். முதல் தடவையாக இந்தப் பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கிறது. பிரமு சொன்னது இதுவா? இல்லை. இது இல்லை, வேறெதுவோ. வாயைத் திறந்தார். மாஸ்க்குக்குள் வெறும் காற்று. அதற்குள் பெரிய டாக்டரின் கால்கள் இந்தக் கட்டிலுக்கு வந்துவிட்டன. விரலைப் பிடித்துக் கிளிப்பைப் பார்த்தார். "தொண்ணூத்தி மூணு. நிக்குதே. நல்லா இருக்கு பெரியவரே. ஐசியு வேண்டாம், இங்கயே இருங்க. சிஸ்டர், அவரத் திருப்பிப் படுக்க வைங்க, போதும் இன்னைக்கு." போதும். இவ்வளவுதான். காலையிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தானே. முதுகு, தோள், காது, மூக்கு நுனி எல்லாம் ஒன்றாகக் கெஞ்சின. மல்லாந்து படுக்கலாம். ஃபேனைப் பார்க்கலாம். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஹெட் சிஸ்டர் குரல் வந்தது, கடுமையாக இல்லை, வேலைக் குரல். "இசக்கி, தாத்தாவைத் திருப்பி விட்டுட்டு இங்க வா. பாய் உடம்ப நாமதான் தொடச்சு, பையில கட்டி அனுப்பணும். வெளிய வண்டி நிக்குது." கால்கள் அசையவில்லை. பிறகு ஒரு கை, கையுறைக்குள் நனைந்துபோன கை, இவர் தோளுக்குக் கீழே நுழைந்தது.

"நான் திரும்பல" என்றார் சங்கரநயினார். கை நின்றது. "டாக்டரே சொல்லிட்டாரு தாத்தா. திரும்பலாம்." "எனக்கு இதுதான் தோதா இருக்கு." மூச்சு வாங்கியது. கிளிப் கீச்கீச்சென்றது. ஹெட் சிஸ்டரின் சரசர கால்கள் திரையைச் சுற்றிக்கொண்டு வந்தன. "காலையில இருந்து திரும்பணும்னு நெளிஞ்சுக்கிட்டுக் கெடந்தது யாரு? பேசாதீங்க, நம்பர் எறங்குது." பேசாமல் எப்படிச் சொல்வது. எழுபத்திரண்டு வருஷத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது, பிரமுவிடம்கூடச் சொன்னதில்லை. "பயமா இருக்கும்மா எனக்கு" என்றார். "பக்கத்துக் கட்டில்ல இப்படி ஆயிருச்சு. தனியாக் கெடக்க முடியாது. குப்புறவே கெடக்கேன். இந்தப் பிள்ள இங்க இருக்கட்டும். குப்புறக் கெடக்கவனுக்கு ஆள் இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க." சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, பாதிக்கு மேல் நிஜம். மிச்சம், இந்தக் கை திரைக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதற்காக. சரசர கால்கள் இரண்டடி கிட்டே வந்தன. இவரைப் பார்த்தாளோ, பிள்ளையைப் பார்த்தாளோ. "சரி. நீ ஸ்டூல்ல உக்காரு. நம்பரப் பாத்துக்க. லில்லி, நீ வா." கால்கள் திரைக்குள் போயின. அங்கே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கவிழ்ந்து கிடந்த ஸ்டூலை யாரோ நிமிர்த்தினார்கள். அது தரையில் இழுபட்டு வந்து கட்டிலை ஒட்டி நின்றது. நீலக் கால்கள் இரண்டும் சேர்ந்து இருந்தன, குதிகால் முழுசாகத் தரையில் ஊன்றியிருந்தது. பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, இந்தத் தடவை சிரிப்பு இல்லை, அடக்கினாள், மறுபடி வந்தது. சங்கரநயினார் கழுத்தை மெல்ல மெல்லத் தூக்கி, யார் உதவியும் இல்லாமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.